முக்கோண மலையும் போடி மலையும்

யாரிடமாவது ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து "ஒரு இயற்கைக் காட்சி வரை" என்று சொல்லிப் பாருங்கள். என்ன வரும்? சந்தேகமே வேண்டாம். இரண்டு முக்கோண மலை. நடுவில் அரை வட்டச் சூரியன். மலைக்கு நடுவிலிருந்து வளைந்து நெளிந்து வரும் ஒரு ஆறு. கரையில் ஒரு குடிசை, பக்கத்தில் சாய்ந்த தென்னை மரம், வானத்தில் நாலு பறவை. மலையையே பார்த்திராத தஞ்சாவூர்ப் பிள்ளையும் இதையேதான் வரையும். தினமும் மலையைப் பார்த்தபடியே பள்ளிக்கூடம் போகிற போடிநாயக்கனூர்ப் பிள்ளையும் இதையேதான் வரையும். அதுதான் வேடிக்கை.

ஏனென்றால் போடியில் இந்தப் படம் தப்பு! மலை இருப்பது ஊருக்கு மேற்கே. அங்கே சூரியன் மலைக்கு நடுவிலிருந்து முளைக்காது. கிழக்கே சமவெளியிலிருந்து எழுந்து வந்து, சாயங்காலம் மலைக்குப் பின்னால் போய் விழும். மற்ற ஊர்களில் இன்னும் வெயில் இருக்கும்போதே போடியில் நிழல் இறங்கிவிடும். காலையில் பாறை, மரம், ஓடைத் தடம் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்த அதே மலை, மாலையில் யாரோ நீல மையில் முக்கி எடுத்த அட்டை மாதிரி ஒரே நிறமாக நிற்கும்.

இதைத் தெரிந்துகொள்ள ஓவியக் கல்லூரியில் படிக்க வேண்டுமா? வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்தால் போதும். கத்துக்குட்டி ஓவியர்கள் ஊர் சுற்றி வந்து கிறுக்கலாக வரைந்து, பக்கத்தில் நாலு வரி விளையாட்டாக எழுதி வைக்கிறார்களே, அந்தக் குறிப்புகளைப் பலரும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது சரியில்லை. படம் சுமாராக இருக்கலாம். ஆனால் அதை வரைந்தவர் அந்த இடத்தை உண்மையாகவே பார்த்திருக்கிறார். இந்தக் காலத்தில் அது சாதாரண விஷயம் இல்லை.

கத்துக்குட்டி என்றால் யார்?

தமிழில் ஊர் ஊராகப் போய் வரைந்த பெரிய ஓவியர்கள் உண்டு. 'சில்பி' ஆனந்த விகடனில் வரைந்த கோயில் சிற்பங்களைப் பழைய தலைமுறை கத்தரித்துச் சேர்த்து வைத்திருந்தது. அது தொழில் தெரிந்தவரின் கை. இங்கே பேச்சு அவர்களைப் பற்றி இல்லை. பிழைப்புக்கு வேறு ஏதோ ஒரு வேலை, ஆசைக்குப் படம் என்று இருக்கிறவர்களைப் பற்றி.

அப்படி ஒருவர் போடிக்குப் பக்கத்திலேயே, மதுரையில் பிறந்தார். மனோகர் தேவதாஸ். 1936-இல் பிறந்தவர். படித்தது வேதியியல், வேலை பார்த்தது சென்னையில் பேட்டரி தயாரிக்கும் நிறுவனத்தில். வரைந்ததோ மதுரைக் கோபுரங்களை, வீதிகளை, வைகையை, யானைமலையை. பேனாவும் கறுப்பு மையும்தான் கருவி. 1997-இல் 'கிரீன் வெல் இயர்ஸ்' என்ற புத்தகத்தில் 1940-களின் மதுரையை ஒரு பையனின் கண் வழியாக எழுதி, கூடவே வரைந்தும் வைத்தார். 2007-இல் 'மல்டிபிள் ஃபேசட்ஸ் ஆஃப் மை மதுரை' வந்தது. கிணற்றில் குதிப்பது, நண்பர்களோடு ஊர் சுற்றுவது என்று எல்லாம் சிரித்த முகத்தோடு சொல்லப்பட்ட விஷயங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. அவருக்கு விழித்திரை மெல்ல மெல்லப் பழுதாகும் நோய். பார்வையின் வட்டம் ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். 1972-இல் நடந்த சாலை விபத்தில் அவருடைய மனைவி மஹிமா கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அழுது எழுத எல்லாக் காரணமும் இருந்த மனிதர் விளையாட்டாக எழுதினார். கண் போய்க்கொண்டிருந்தவர் யானைமலையின் மடிப்புகளைப் புள்ளி புள்ளியாக வரைந்தார். 2020-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2022 டிசம்பரில் காலமானார். லேசாக எழுதுவது என்றால் லேசாகப் பார்ப்பது என்று அர்த்தமில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் மதுரைப் பக்கத்தில் கிடையாது.

உலக அளவில் பார்த்தாலும் இது ஒன்றும் விநோதமான பழக்கம் இல்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கேப்ரியல் காம்பனாரியோ என்ற பத்திரிகை ஓவியர் 2007-இல் 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' என்ற குழுவை ஆரம்பித்தார். விதி ரொம்ப எளிமை. நேரில் போய், நேரில் பார்த்து வரைய வேண்டும். கண்ணுக்குத் தெரிந்ததற்கு உண்மையாக இருக்க வேண்டும். இன்று பல நாடுகளில் வங்கி ஊழியர், ஆசிரியர், ஓய்வு பெற்றவர் என்று ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை மடக்கு நாற்காலியோடு கிளம்பிவிடுகிறார்கள்.

ரயிலில் ஒரு நடுக்கம்

சரி, போடிக்குப் போவோம்.

மதுரையிலிருந்து போடிக்கு ரயில் பாதை போட்டது 1928-இல். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் தண்டவாளத்தையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். 1950-களில் மறுபடி போட்டார்கள். அகலப் பாதையாக்குகிறோம் என்று 2010 கடைசியில் நிறுத்திய ரயில், 2023 ஜூனில்தான் திரும்பி வந்தது. பன்னிரண்டு வருஷம்! ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பிளஸ் டூ முடித்திருக்கும்.

கத்துக்குட்டி ஓவியருக்கு ரயிலைப் போல ஒரு நண்பன் கிடையாது. கோடு கோணலாகப் போனால் "ரயில் ஆடிச்சு" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் :-) உசிலம்பட்டி தாண்டி, ஆண்டிப்பட்டிக் கணவாயில் மலை இரண்டு பக்கமும் நெருங்கி வரும்போதுதான் கஷ்டம். வரைய ஆரம்பிப்பதற்குள் மலை பின்னால் போய்விடும். பாதி பக்கங்களில் பாதி மலைதான் இருக்கும். ஆனி, ஆடி மாதம் என்றால் இன்னொரு தொல்லை, காற்று. ஜன்னலோரம் நோட்டைத் திறந்தால் தாள் தேனிக்குப் போவதற்கு முன்னால் போய்விடும்.

ஆனால் அந்தப் பாதி மலைப் பக்கங்களுக்கும் ஒரு பயன் உண்டு. எந்த இடத்தில் பசுமை ஆரம்பிக்கிறது, எங்கே மண் சிவப்பாகிறது, எங்கே கரடு முடிந்து தொடர்மலை ஆரம்பிக்கிறது என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். செல்போனில் எடுத்த முந்நூறு படத்தை வீட்டுக்கு வந்து யாரும் திறந்து பார்ப்பதில்லை. கிறுக்கிய மூன்று பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள்.

பச்சையில் எத்தனை பச்சை?

போடியிலிருந்து போடிமெட்டுக்கு சுமார் 26 கிலோமீட்டர். முந்தல் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பிக்கும். கொண்டை ஊசி வளைவுகள் 17. ஏறக்குறைய 1000 மீட்டர் உயரம் ஏற வேண்டும். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கு மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்ந்துவிடும். இந்தப் பக்கத்துக்கு மிஞ்சுவது சாரலும் காற்றும். ஆகவே அடிவாரத்தில் புளி, மா, இலவம் என்று வறட்சியைத் தாங்கும் மரங்கள். மேலே போகப் போகக் குளிர், பனிமூட்டம், காப்பி, அப்புறம் ஏலம். பெயிண்ட் டப்பாவில் அடியில் காவியும் பழுப்பும், மேலே பச்சையும் சாம்பலும். ஒரே மலைக்கு இரண்டு தட்டு வண்ணம் தேவைப்படும்.

முதல் தடவை போகிறவர்கள் ஏலக்காய் மரத்தில் தொங்கும் என்று நினைத்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பார்கள். தொங்காது! ஏலம் என்பது ஆளுயரத்துக்கு மேல் வளரும் செடி, இலை இஞ்சி இலையின் அண்ணன் மாதிரி இருக்கும். காயோ செடியின் காலடியில், தரையோடு தரையாகப் படர்ந்த சரத்தில் இருக்கும். குனிந்துதான் எடுக்க வேண்டும். பெரிய மரங்களின் நிழல் இல்லாமல் ஏலம் வளராது. வரைய உட்கார்ந்தால் இதெல்லாம் பென்சில் முனையில் வந்து நிற்கும்: நிழலை எங்கே போடுவது, காயை எங்கே வைப்பது, எடுக்கிற ஆளின் முதுகை எவ்வளவு வளைப்பது?

பச்சையை வரைவதுதான் பெரிய பாடு. வாட்டர் கலர் பெட்டியில் இரண்டு பச்சை இருக்கும். மலையில் இருநூறு இருக்கும். இரண்டையும் கலந்து கலந்து கடைசியில் எல்லாக் கத்துக்குட்டிகளும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான், சேற்றுப் பச்சை.

ஆனால் இந்தப் பச்சை விவகாரத்தில் உண்மையான நிபுணர்கள் போடியில் இருக்கிறார்கள். அவர்கள் ஓவியர்கள் இல்லை, ஏலக்காய் தரம் பிரிக்கிற பெண்கள். பறித்த காயை ஸ்டோரில் வெப்பக்காற்றில் உலர்த்துவார்கள். சுமார் 5 கிலோ பச்சைக் காய் 1 கிலோ உலர்ந்த காயாகும். அப்புறம் சல்லடையில் 8 மில்லிமீட்டர், 7 மில்லிமீட்டர் என்று அளவு பிரிப்பார்கள். கடைசியில் நிறம் பார்த்து, வெடித்தது, வெளுத்தது, கறுத்தது என்று கையால் பொறுக்குவார்கள். முழங்காலுக்கு முன்னால் ஒரு முறம். கண் பேசாமல் ஓடும், விரல் பின்னாலேயே ஓடும். ஒரு முறத்துக்குள் எத்தனை பச்சை இருக்கிறது என்று அந்த விரல்களுக்குத் தெரியும். ஓவியக் கண்காட்சியில் 'வண்ண நுண்ணுணர்வு' என்று எழுதுகிறவர்கள் ஒரு நாள் அந்த முறத்துக்கு முன்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

நிறம் அங்கே ரசனை இல்லை, காசு. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும், மலைக்கு மேலே வண்டன்மேடு அருகே புத்தடியிலும் நடக்கிறது. ஏலத்துக்கு வந்த சரக்கின் மாதிரியை வியாபாரிகள் தட்டில் கொட்டிப் பார்ப்பார்கள். நல்ல பச்சைக்கு ஒரு விலை, மங்கலுக்கு வேறு விலை. 2019 ஆகஸ்டில் புத்தடியில் ஏலக்காய் கிலோ 7000 ரூபாயைத் தொட்டது. அதற்கு முந்தைய வருஷத்து வெள்ளமும் அடுத்து வந்த வறட்சியும் விளைச்சலைக் கெடுத்திருந்தன. அப்புறம் விலை இறங்கிய வேகத்தையும் தோட்டக்காரர்கள் மறக்க மாட்டார்கள். வெளிச்சம் பட்டால் ஏலக்காயின் பச்சை வெளுத்துவிடும் என்று கறுப்புப் பாலிதீன் போட்ட சாக்கில் கட்டி வைப்பார்கள். வாட்டர் கலர் படத்தையும் வெயிலில் மாட்டக்கூடாது என்பார்கள். ஓவியருக்கும் வியாபாரிக்கும் இந்த ஒரு விஷயத்தில் கவலை ஒன்றுதான்!

படத்தில் ஆள் எங்கே?

இங்கேதான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

முக்கோண மலைப் படத்தில் ஒரு குறை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? குடிசை இருக்கும், ஆள் இருக்க மாட்டார். சுற்றுலா விளம்பரப் படங்களிலும் அப்படித்தான். மலை, மேகம், தேயிலை. மனிதர் வந்தால் காட்சி கெட்டுவிடும் என்று ஓரமாக வெட்டிவிடுவார்கள்.

ஆனால் போடி மலைச் சரிவு ஆள் இல்லாத இடம் இல்லை. சரிவு தமிழ்நாடு, உச்சி கேரளா. 1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவோடு போயின. எல்லை போட்டார்கள், வேலை அங்கேயே இருந்தது. இன்றைக்கும் போடி, தேவாரம், கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து விடிவதற்கு முன்னாலேயே ஜீப்புகள் மலை ஏறுகின்றன. உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு, தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்ட பெண்கள். காய் எடுக்க, களை எடுக்க, கவ்வாத்து செய்ய. மழைக்காலத்தில் அட்டைக் கடி வேறு. சுற்றுலா வருகிறவர் ஹோட்டலில் "சன்ரைஸ் பார்க்க எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்கிற நேரத்துக்கு அவர்கள் பாதி மலை ஏறியிருப்பார்கள். தினமும் அந்தச் சூரிய உதயத்தைப் பார்ப்பவர்கள் அவர்கள்தான். யாரும் அவர்களிடம் அபிப்பிராயம் கேட்பதில்லை.

2018-இல் லெனின் பாரதி இயக்கத்தில் வந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' படம் பேசப்பட்டதற்குக் காரணம் இதுதான். மலை அதில் பின்னணி இல்லை. ஒரு துண்டு நிலத்துக்காக ஏங்குகிற ஏலக்காய்ச் சுமைத் தொழிலாளியின் காலுக்குக் கீழே இருக்கிற தரை. அதே மலைதான், அதே மேகம்தான். ஆனால் அதைப் பார்த்தவர்களுக்கு அந்த மூட்டையின் எடை தெரிந்தது.

கத்துக்குட்டி ஓவியரிடம் யாரும் சினிமா எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவருக்கு ஒரு வசதி இருக்கிறது. சாலையோர டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒரு மலையை வரைகிறவரின் படத்துக்குள், வேண்டாம் என்றாலும் ஆள் வந்துவிடுவார். ஒரு ஜீப் குறுக்கே வந்து நிற்கும். ஒருவர் எட்டிப் பார்ப்பார். "என்னண்ணே, படம் போடுறீகளா?" என்பார். "இது எந்த மலை? நம்ம மலை மாதிரி இல்லையே" என்று முகத்துக்கு நேராகச் சொல்வார். அப்புறம் உட்கார்ந்து, அந்த ஓடைக்கு என்ன பெயர், அந்தப் பாறையில் எப்போது தேன் எடுப்பார்கள், யானை எந்த வழியில் இறங்கும் என்று சொல்ல ஆரம்பிப்பார். கேமராவோடு வருகிறவர் அரை நிமிஷத்தில் போய்விடுவதால் அவருக்கு இந்தக் கதை கிடைப்பதில்லை. சுமாராக வரைவதிலும் ஒரு லாபம் இருக்கிறது. பிரமாதமாக வரைந்தால் எட்டிப் பார்க்கிறவர் ஒதுங்கி நின்றுவிடுவார். கோணலாக வரைந்தால் திருத்த வருவார்!

வரைவது எப்போதும் வெள்ளந்தியான காரியமாக இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் ராணுவ அதிகாரிகளுக்குப் படம் வரைவது ஒரு பயிற்சி. டக்ளஸ் ஹாமில்டன் என்ற ராணுவ அதிகாரி 1860-களில் பழனி மலையையும் ஆனைமலையையும் வரைந்தார். நல்ல கை. ஆனால் அது அரசு வேலை. மலையை ஒருவர் வரைகிறார் என்றால் அடுத்து இன்னொருவர் அளக்க வருகிறார், அதற்கடுத்து ஒருவர் தோட்டம் போட வருகிறார் என்று இருந்த காலம். இன்றைய கத்துக்குட்டி நிலம் வாங்கவும் வரவில்லை, சரக்கு விற்கவும் வரவில்லை. அந்த மலைக்குச் சும்மா வருகிற ஆள் அபூர்வம். அதுவே அவருடைய மரியாதை.

அழகு மட்டும் பார்த்தால்...

"ஜாலியாக ஊர் சுற்றி, ஜாலியாக வரைந்து, ஜாலியாக எழுதுவதற்கு எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் குரங்கணியில் இருக்கிறது.

போடிக்கு மேலே இருக்கும் மலைக்கிராமம் குரங்கணி. அதற்கு மேலே டாப் ஸ்டேஷன். ஸ்டேஷன் என்று பெயர் இருக்கிறது, ரயில் இல்லை. ஒரு காலத்தில் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாகச் சின்ன ரயிலில் தேயிலை அங்கே வந்து, அங்கிருந்து கம்பிவட ரோப்வேயில் கீழே கோட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போனது. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. பெயர் மட்டும் மிச்சம். 2010-இல் வந்த 'மைனா' படத்துக்குப் பிறகு குரங்கணி வெளியூர்க்காரர்களுக்கும் தெரிந்த பெயராகிவிட்டது.

மார்ச் மாதம் அந்தச் சரிவுகளில் புல் காய்ந்து பொன்னிறமாக இருக்கும். பார்க்க அவ்வளவு அழகு. வண்ணப் பெட்டியில் மஞ்சள் காவியைத் திறக்க வைக்கும் அழகு. 2018 மார்ச் 11 அன்று அந்தப் பொன்னிறப் புல் பற்றி எரிந்தது. சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களிலிருந்து மலையேற்றத்துக்கு வந்து திரும்பிக்கொண்டிருந்தவர்கள் நடுவில் சிக்கினார்கள். 23 பேர் உயிர் போனது. பெரும்பாலும் இளைஞர்கள், இளம்பெண்கள்.

இறந்தவர்களைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அந்த நிறத்துக்கு உள்ளூர்க்காரர் அகராதியில் வேறு அர்த்தம் இருக்கிறது. வெளியூர்க்காரர் 'பொன்னிறம்' என்பதை அவர் 'காய்ஞ்சு கிடக்கு' என்பார். இரண்டுமே அந்தப் புல்லைப் பற்றிய உண்மைதான். ஆனால் பயணக் குறிப்பில் முதலாவது மட்டும் இருந்தால், அதைப் படித்து அடுத்து மலை ஏறுகிறவருக்குப் பாதி மலைதான் தெரியும். அழகையும் சொல்லட்டும், கூடவே டீக்கடையில் கேட்டதையும் ஒரு வரி சேர்க்கட்டும். அதனால் சிரிப்பு ஒன்றும் குறைந்துவிடாது.

இன்னொரு பக்கம்

கத்துக்குட்டிகளைத் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டியதும் இல்லை. அவர்களிடம் இரண்டு வியாதி உண்டு.

ஒன்று, களைப்பை அழகாக்குவது. குனிந்து காய் எடுக்கும் ஒரு பெண்ணை வரைந்து, கீழே 'உழைப்பின் கவிதை' என்று எழுதிவிடுவது. அந்த அம்மாவைக் கேட்டால் "இடுப்பு வலிக்குதுய்யா" என்பார். அதையே எழுதலாமே. அதுதான் நல்ல வரி.

இரண்டு, கேட்காமல் வரைவது. ஒருவர் முகத்தை வரைவதற்கு முன்னால் "வரையலாமாக்கா?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? வேண்டாம் என்றால் மலை இருக்கிறது, மரம் இருக்கிறது, டீக்கடை பாய்லர் இருக்கிறது. அவை ஆட்சேபம் சொல்லாது. வரைந்து முடித்ததும் வரையப்பட்டவரிடம் காட்ட வேண்டும். "என் மூக்கு இப்படியா இருக்கு?" என்று அவர் சிரித்தால் அதைவிடப் பெரிய விமர்சனம் எந்தப் பத்திரிகையிலும் வராது. முடிந்தால் அந்தத் தாளைக் கிழித்து அவரிடமே கொடுத்துவிடலாம்.

இந்த இரண்டையும் கவனித்துக்கொண்டால் போதும், கத்துக்குட்டியின் நோட்டு ஒரு ஊரின் நல்ல ஆவணமாகிவிடும். போடி ஜமீன் அரண்மனைச் சுவரில் ராமாயணக் காட்சிகளை வரைந்தவர்கள் வேலை தெரிந்த ஓவியர்கள். அரண்மனை இருந்ததால் அந்தச் சுவரும் இருந்தது. ஜீப் நிற்கிற முக்குக்கு, இலவம் பஞ்சு காயப்போட்ட முற்றத்துக்கு, ஏலக்காய் பொறுக்குகிற திண்ணைக்கு எந்த ஜமீனும் ஓவியர் வைக்கவில்லை. அதை வரைய யாராவது தானாகத்தான் வர வேண்டும்.

அதனால் கல்லூரி டூர் மூணாறுக்கு என்று முடிவானால், போகிற வழியில் போடியில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். பையில் ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு பென்சிலும் போதும். ரப்பர் வேண்டாம், தப்பான கோடும் அங்கேயே இருக்கட்டும். மலையேற்றம் என்றால் வனத்துறை அனுமதியோடு, வழிகாட்டியோடு மட்டும். வரைய வரவே வராது என்கிறவர்கள் டீ டம்ளரிலிருந்து ஆரம்பிக்கலாம். அதன் விளிம்பை வட்டமாகப் போடுவதா நீள்வட்டமாகப் போடுவதா என்று குழம்பி முடிப்பதற்குள் டீ ஆறிப்போகும், பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்திருப்பார், மேற்கே மலையின் நிறம் மாறியிருக்கும். மலையை அப்புறம் வரைந்துகொள்ளலாம். முதலில் அவர் சொல்வதைக் கேளுங்கள்.